வண்டி மோதவில்லை, ஹேண்டில்பார்தான் குத்தியது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. நேற்று முன்தினம் மாலை வீட்டு வளாகத்துக்குள் சைக்கிள் ஓட்டும்போது சறுக்கி விழுந்தான். பெரிய வேகமெல்லாம் இல்லை. ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்திவிட்டது என்றான். விலா எலும்புக்குக் கீழே நாணயம் அளவுக்கு வட்டமாகக் கன்றியிருக்கிறது. உடனே எழுந்து மறுபடி ஓட்டப் போய்விட்டான். ஆனால் நேற்றிரவிலிருந்து வயிறு வலிக்கிறது, சாப்பாடு வேண்டாம் என்கிறான். ஒருமுறை வாந்தியும் எடுத்தான். முழங்காலில் மண் படிந்த சிராய்ப்பு இருக்கிறது. சாலை விபத்து இல்லையே, இன்னும் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா? – ஒரு தாய்

பதில்: பொறுக்க வேண்டாம் அம்மா. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையும் சி.டி. ஸ்கேனும் உள்ள மருத்துவமனைக்கு இப்போதே கிளம்புங்கள். மீதிப் பதிலைப் போகும் வழியில் படித்துக்கொள்ளலாம். அங்கே பார்க்கும்வரை சாப்பாடு, தண்ணீர் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றைத் தேய்த்து விடாதீர்கள். வலி மாத்திரையும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

'சாலை விபத்து இல்லையே' என்ற நினைப்புதான் என்னை எப்போதும் கவலைப்பட வைக்கிறது. முற்றத்திலும் பூங்காவிலும் மண் பாதையிலும் விழுகிற குழந்தைகள் தாமதமாக வருவதற்கு அதுதான் காரணம். ஹேண்டில்பார் குத்துவதற்கு வேகமே தேவையில்லை. முன்சக்கரம் திடீரென்று திரும்பும்போது ஹேண்டில்பாரின் ஒரு முனை குழந்தையின் வயிற்றைப் பார்த்து நிற்கும். அதன்மேல் குழந்தை விழுந்தால், உடம்பின் எடை முழுக்க அந்தச் சின்ன வட்டத்தில் இறங்கிவிடும். குழந்தைகளின் வயிற்றுத் தசை மெல்லியது. அதற்குப் பின்னால், முதுகெலும்பின் குறுக்கே கணையமும் சிறுகுடலின் தொடக்கப் பகுதியும் கிடக்கின்றன. முன்னால் குழாய், பின்னால் எலும்பு. நடுவில் இவை நசுங்குகின்றன. சற்றுப் பக்கவாட்டில் பட்டால் கல்லீரலோ மண்ணீரலோ கிழியலாம். தோலில் தெரிகிற தடம் சிறியது என்பதற்காக உள்ளே பட்ட அடியும் சிறியது என்று நம்பிவிட முடியாது.

விழுந்தவன் எழுந்து ஓட்டினானே என்று கேட்பீர்கள். குடல் சுவருக்குள் கசியும் ரத்தம் மெதுவாகத்தான் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டி பெரிதாகிக் குடல் பாதையை அடைக்கும்போதுதான் வாந்தி வரும். கணையத்திலிருந்து கசியும் நீரும் அப்படித்தான், நேரம் எடுத்தே வேலையைக் காட்டும். என்னிடம் ஒரு சிறுமியை விழுந்த மூன்றாம் நாள் கூட்டி வந்தார்கள். முதல் இரண்டு நாள் நன்றாக விளையாடியிருக்கிறாள். அப்புறம் பச்சையாக வாந்தி. சட்டையை உயர்த்திப் பார்த்தேன். ரப்பர் பிடியின் வளையம் அச்சு வைத்தது போல மேல்வயிற்றில் பதிந்திருந்தது. ஸ்கேனில் சிறுகுடல் சுவரில் ரத்தக்கட்டு. வாய்வழி எதுவும் கொடுக்காமல், டிரிப்ஸ் ஏற்றி, படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டோம். ஆபரேஷன் இல்லாமலே சரியானாள். பல குழந்தைகளுக்கு அப்படித்தான் சரியாகிறது, அதனால் பயந்து தயங்காதீர்கள்.

மருத்துவமனையில் முதல் வாக்கியமாகவே 'ஹேண்டில்பார் நுனி வயிற்றில் குத்தியது' என்று சொல்லுங்கள், தடத்தையும் காட்டுங்கள். வெறும் வயிற்றுவலி, வாந்தி என்று மட்டும் சொன்னால் செரிமானக் கோளாறு என்று நினைத்துவிடலாம். ரத்தம், சிறுநீர் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். சாதாரண (அல்ட்ராசவுண்ட்) ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதை மட்டும் வைத்து வீடு திரும்பிவிடாதீர்கள்; கணையமும் குடலும் அதில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். வலியும் வாந்தியும் இருக்கும்போது சி.டி. தேவையா, உள்நோயாளியாக வைத்துப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். முகம் வெளிறுவது, வியர்ப்பது, வயிறு கல் போல இறுகுவது, இடது தோள் வலி, சிறுநீரில் ரத்தம், அசதியாகத் தூங்கி வழிவது – இவற்றில் ஏதாவது இருந்தால் ஆம்புலன்ஸை அழைத்துவிடுங்கள்.

முழங்கால் சிராய்ப்பு இதற்கு அடுத்தபடிதான். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு, மண் துகள் போகும்வரை கழுவ வேண்டும். மண் பட்ட காயம் என்பதால், டெட்டனஸ் தடுப்பூசி கடைசியாகப் போட்டு 5 ஆண்டுகள் ஆகியிருந்தால் இன்னொன்று தேவைப்படும். தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். கையை ஊன்றி விழுந்தானா என்றும் அவனிடமே கேளுங்கள். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலி இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

சைக்கிளை வீட்டில் யாராவது பார்க்கட்டும். ரப்பர் பிடியின் நுனி கிழிந்து இரும்புக் குழாய் வெளியே தெரிந்தால் அது வட்டக் கத்திக்குச் சமம். புதுப் பிடி மாட்டாமல் எந்தக் குழந்தையும் அதில் ஏறக் கூடாது. வளாகத்துக்குள் ஓட்டினாலும் ஹெல்மெட் வேண்டும், ஆனால் அது வயிற்றைக் காக்காது. கல்லீரலிலோ மண்ணீரலிலோ கிழிசல் இருந்தால் வாரக்கணக்கில் ஓட்டமும் சைக்கிளும் கூடாது. எப்போது மறுபடி ஏறலாம் என்பதை அவனைப் பார்க்கிற மருத்துவர் சொல்லட்டும்.