லாக் அலைகிறதா? ஷிம்மை அப்படியே விடுங்கள்

கேள்வி: எங்கள் 400 மெகாஹெர்ட்ஸ் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்திசைவு) கருவியில் டியூட்டீரிய (கன ஹைட்ரஜன்) குளோரோஃபார்ம் மாதிரிகளுக்கு லாக், அதாவது கரைப்பானின் டியூட்டீரிய சிக்னலைப் பிடித்துக் காந்தப்புலத்தை நிலையாக வைக்கும் அமைப்பு, அசையாமல் நிற்கிறது. அதே அமைப்பில் டியூட்டீரிய அசிட்டோன் மாதிரியை இறக்கினால் லாக் மட்டம் (அந்த சிக்னலின் உயரம்) மெல்ல ஏறி இறங்குகிறது. ஷிம் செய்யச் செய்ய, அதாவது காந்தப்புலத்தைச் சீராக்கச் சீராக்க, மோசமாகிறது. ஷிம் சுருள் பழுதாகிவிட்டதா?

பதில்: சுருள் பழுதென்றால் குளோரோஃபார்மிலும் தொல்லை தந்திருக்கும். ‘அதே அமைப்பில்’ என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான்.

குளோரோஃபார்ம் மூலக்கூறில் இருப்பது ஒரே ஒரு டியூட்டீரியம். அசிட்டோனில் ஆறு, ஆறும் ஒரே சிகரமாகச் சேர்ந்து வரும். போதாக்குறைக்கு, கிளர்ச்சியடைந்த அந்த அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்ப அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். குளோரோஃபார்மின் மெலிந்த சிக்னலுக்காக ஏற்றி வைத்த லாக் பவர் (அணுக்கருக்களைக் கிளர்த்தும் ரேடியோ அலையின் வலிமை) அசிட்டோனுக்கு மிகை. அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும் முன்பே மீண்டும் கிளர்த்தப்படுவதால் சிக்னல் செறிவடைந்து (சாச்சுரேஷன்) தள்ளாடத் தொடங்கும். அந்த நேரத்தில் ஷிம்மைத் திருப்பினால் மட்டம் முதலில் உயரும், சில நொடிகளில் தானே சரியும். திசை தவறிவிட்டதென்று நினைத்து எதிர்ப்பக்கம் திருப்புவீர்கள். நல்ல ஷிம் கெட்டுப்போவது இப்படித்தான்.

சோதிப்பது எளிது. லாக் கெயினை (வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) தொடாமல் பவரை மட்டும் 6 டெசிபல் குறையுங்கள். மட்டம் ஏறக்குறையப் பாதியாக வேண்டும். அவ்வளவு இறங்காவிட்டாலோ, இறங்கிய பின் மெல்ல ஏறினாலோ செறிவு உறுதி. தள்ளாட்டம் நிற்கும்வரை பவரைக் குறைத்து, இழந்த உயரத்தைக் கெயினில் ஈடுகட்டுங்கள். மட்டம் உச்சத்துக்கு வரும்படி லாக் ஃபேஸையும் சரிசெய்யுங்கள். பிறகு, கடைசியாக நன்றாக இருந்த ஷிம் கோப்பை ஏற்றி அங்கிருந்து தொடங்குங்கள். கெட்டுப்போன ஷிம்மின் மேல் ஒட்டுப்போடுவது வீண் வேலை.

பவர் சரியாகியும் அலைந்தால் வெப்பநிலையைப் பாருங்கள். அசிட்டோன் பிசுபிசுப்புக் குறைந்த திரவம். அடியிலிருந்து சூடான வாயு பட்டால் குழாய்க்குள் சுழல ஆரம்பிக்கும். மாதிரியை இறக்கியதும் ஷிம் செய்யாமல் பத்து நிமிடம் பொறுங்கள். 5 மி.மீ. குழாயில் திரவம் 4 செ.மீ. உயரத்துக்குக் குறைந்தால் இசட் அச்சு (குழாயின் நீளவாக்கு) ஷிம்கள் படாதபாடு படுத்தும். மூடி தளர்ந்திருந்தால் அசிட்டோன் ஆவியாகி, நேற்று சரியாக இருந்த உயரம் இன்று இருக்காது.

கடைசியாக, சிகரத்தின் கோட்டு வடிவத்தைச் சோதிக்க வைத்திருக்கும் சீலிட்ட தரமாதிரியை இறக்குங்கள். பெரும்பாலும் அதுவும் டியூட்டீரிய அசிட்டோனில் கரைத்த குளோரோஃபார்ம்தான் என்பதால் ஒப்பிட வசதி. அது நிலையாக நின்றால் குறை உங்கள் குழாயிலோ கரைசலிலோதான். வடிகட்டாத துகள்களையும் பாருங்கள். தரமாதிரியும் அலைந்தால், லாக்கை அணைத்துவிட்டு ஒரே சிகரத்தைச் சில நிமிட இடைவெளியில் திரும்பத் திரும்பப் பதிவு செய்யுங்கள். சிகரம் முன்னும் பின்னுமாகத் துள்ளினால் ஏ.சி., லிஃப்ட், அருகில் நகரும் இரும்பு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். ஒரே திசையில் மணிக்குச் சில ஹெர்ட்ஸ் நகர்வது மீக்கடத்துக் காந்தத்தின் இயல்பு. அதைவிடப் பலமடங்கு வேகமாக ஓடினால், அந்தப் பதிவுகளோடு சர்வீஸ் பொறியாளரை அழையுங்கள்.