சுவரில்லாத கட்டு: உட்கருத் துளிகள், கேள்வி பதில்

காரைக்குடி, பிளஸ் டூ மாணவி: அக்கா, உட்கருவுக்குள் சவ்வே இல்லாமல் புரதத் துளி எப்படி நிற்கும்?

ரசத்தில் தாளித்த எண்ணெய் மிதக்கிறதே, கரண்டியால் இரண்டு துளியை நெருக்கிப் பார், ஒட்டி ஒன்றாகிவிடும். செல்லிலும் சில புரதங்களுக்கு நிலையான வடிவம் இல்லாத நீண்ட வால் உண்டு. ஒரு வால் இன்னொன்றை லேசாகப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். அடர்த்தி ஓர் அளவைத் தாண்டினால் துளியாகத் திரண்டுவிடும். ஒரே வித்தியாசம், எண்ணெய்க்குள் தண்ணீர் போகாது. இதற்குள் தண்ணீரும் புரதமும் சதா போய்வரும். 2009இல் ஒரு புழுவின் முளைக்கருவில் இப்படித் திரவம்போல் நடந்துகொள்ளும் துகள்களை விஞ்ஞானிகள் பிராங்வினும் ஹைமனும் காட்டினார்கள். நீ பாடத்தில் படித்த, உட்கருவுக்குள் இருக்கும் நியூக்ளியோலஸும் இந்த இனம்தான்.

தேவகோட்டை, ஆசிரியர்: மரபணுவைப் படியெடுக்க இதனால் என்ன லாபம்?

நம் வீட்டுக் கல்யாணத்தை நினைத்துக்கொள்ளுங்கள் ஐயா. காய் நறுக்குகிறவர் முகப்பில், சமையல்காரர் தோட்டத்தில் என்றிருந்தால் பந்தி நடக்குமா? எல்லாரும் இரண்டாங்கட்டில் கூட வேண்டும். உட்கருவோ சில மைக்ரான் அகலம்; அதற்குள் 2 மீட்டர் டி.என்.ஏ. மரபணுக்களின் படியெடுப்பைப் பெரிதும் தூண்டும் 'சூப்பர் என்ஹான்சர்' என்ற டி.என்.ஏ. பகுதிகளில், படியெடுப்பை முடுக்கும் புரதங்களான படியெடுப்புக் காரணிகள் நெருக்கமாக உட்காரும். அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு மீடியேட்டர், பி.ஆர்.டி.4 என்ற உதவிப் புரதங்கள், மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் பாலிமரேஸ் 2 நொதி எல்லாம் அங்கே திரளும். விஞ்ஞானிகள் ரிச்சர்டு யங், பிலிப் ஷார்ப் குழுவினர் 2017இல் இதைக் கருத்தாக வைத்தார்கள். மறு வருஷமே ஆய்வுக்கூடச் சான்றுகள் வந்தன.

எனக்குப் பிடித்தது பாலிமரேஸின் வால். மனிதர்களில் 7 அமினோ அமிலக் கோவை 52 தடவை அடுக்கியிருக்கும். அதில் பாஸ்பேட் ஏறியதும் பாலிமரேஸ், படியெடுப்பு தொடங்கிய துளியை விட்டு, ஆர்.என்.ஏ.வை வெட்டி ஒட்டும் துளிகள் பக்கம் நகர்ந்துவிடும்.

புதுவயல், கல்லூரி மாணவர்: கூடிய கூட்டம் எப்படிக் கலையும்?

அங்கே தயாராகும் ஆர்.என்.ஏ.வே கலைத்துவிடும். கொஞ்சம் இருந்தால் துளி சேரும். அதிகமானால் அதன் எதிர்மின்னூட்டம் மிகுந்து துளி கரையும். வேலை முடிந்த கூட்டம் தானே வெளியேறுகிறது. நம் பந்தியில்தான் அது நடக்காது!

பள்ளத்தூர் ஆச்சி: இதனால் மருந்துக்கு உபயோகம் உண்டா?

உண்டு ஆச்சி. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து மீடியேட்டர் துளிகளில் போய்ச் சேர்வது 2020இல் தெரிந்தது. மருந்து எந்தத் துளியில் தங்கும் என்றும் இனிப் பார்க்க வேண்டும்.

காரைக்குடி, அதே மாணவி: அப்படியானால் நுண்ணோக்கியில் தெரியும் புள்ளியெல்லாம் துளியா?

அவசரப்படாதே. துளிகளைக் கரைக்கும் 1,6-ஹெக்சேன்டயால் என்ற ரசாயனத்தை ஊற்றினால் புள்ளி மறைகிறது, ஆகவே துளி என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். அந்த ரசாயனம் செல்லில் வேறு பலதையும் கெடுக்கும். புரதங்கள் டி.என்.ஏ.வில் நெருக்கமாக ஒட்டியிருந்தாலே புள்ளி தெரியும். இரண்டு புள்ளி சேர்ந்து ஒன்றாகிறதா, உள்ளே புரதம் ஓடியாடுகிறதா என்று முதலில் பார்.