இரத்தமா, வளர்ப்பா? மொரிஷியஸ் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ரோஸ் ஹில் வாசகர்: தாயைப் போல பிள்ளை என்கிறார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றும் சொல்கிறார்கள். குணத்தில் மரபணு எத்தனை சதவீதம் அக்கா, வளர்ப்பு எத்தனை?

ஒரு பிள்ளையை வைத்துக் கேட்டால் விடையே கிடையாது. சோறு வெந்ததில் தண்ணீர் எவ்வளவு, தீ எவ்வளவு என்று பிரிக்க முடியுமா? இரட்டையர் ஆய்வுகள் தரும் எண் வேறு வகை. ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் தெரியும் வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் வந்தது என்பதை மட்டும் அது சொல்லும். ஐம்பது ஆண்டு ஆய்வுகளை 2015இல் திரட்டிப் பார்த்தபோது சராசரி 49 சதவீதம். இதை "என் மகன் பாதி நான், பாதி பள்ளிக்கூடம்" என்று படித்தால் தப்பு. எண்ணும் ஓரிடத்தில் நிற்காது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே தரத்தில் சாப்பாடும் படிப்பும் கிடைத்தால் வளர்ப்பால் வரும் வித்தியாசம் சுருங்கும். மரபணுவின் சதவீதம் தானாக ஏறும்.

வாக்வா வாசகர்: எழுபதுகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளை வைத்தே ஆய்வு நடந்ததாமே?

நடந்தது. 1972இல் தொடங்கி, வாக்வா, காத்ர் போர்ன் இரண்டு ஊரிலும் மூன்று வயதான 1,795 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அவர்களில் 100 பேர் மட்டும் மூன்று முதல் ஐந்து வயது வரை தனி நர்சரிகளுக்குப் போனார்கள். பால், பழச்சாறு, மீனோ கோழியோ ஆட்டிறைச்சியோ வைத்த சூடான சாப்பாடு, சாலட், தினமும் உடற்பயிற்சி, வெளி விளையாட்டு. ஓர் ஆசிரியைக்கு ஐந்தாறு பிள்ளைகள்தான். மற்றவர்கள் போன பெத்தித் எக்கோல்களில் (சாதாரண பாலர் பள்ளிகளில்) முப்பது பேருக்கு ஒருவர்.

பதினொரு வயதில் மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்தபோது நர்சரிப் பிள்ளைகளுக்கு விழிப்பு நிலை கூடுதலாகத் தெரிந்தது. 23 வயதில் "குற்றம் செய்திருக்கிறேன்" என்று தாங்களே ஒப்புக்கொண்டவர்கள் நர்சரிப் பக்கம் சுமார் 24 சதவீதம், மற்றப் பக்கம் 36. பலன் அதிகம் தெரிந்தது, மூன்று வயதிலேயே ஊட்டம் குறைந்திருந்த பிள்ளைகளிடம்: வாயோரப் புண், செம்பட்டையாகி மெலிந்த முடி, இரத்தசோகை.

நீதிமன்றத் தண்டனையிலும் வித்தியாசம் இருந்தது; ஆனால் ஆள் எண்ணிக்கை குறைவு, அதை உறுதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. பாலா, விளையாட்டா, ஆசிரியையா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. எல்லாம் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

போர்ட் லூயி வாசகி: வீட்டில் கிரியோல்தான் பேசுகிறோம். தமிழ் இரத்தத்தில் இருக்கிறது, பிள்ளைக்குப் பின்னால் தானாக வரும் என்கிறார் மாமியார்.

வராது அம்மா. மொழி கற்கும் திறன் பிறவியில் வருகிறது. எந்த மொழி என்பதைக் காதுதான் தீர்மானிக்கும். ஆறு மாதக் குழந்தை எந்த மொழியின் ஒலியையும் பிரித்துக் கேட்கும். பத்துப் பன்னிரண்டு மாதத்துக்குள் காதில் விழாத ஒலிகளுக்கான கூர்மை மங்கத் தொடங்கும். கிரியோலில் ள, ண, ழ கிடையாது, அதனால்தான் பள்ளியில் தமிழ் எடுக்கும் பிள்ளைக்கு "வலி", "வளி", "வழி" மூன்றும் ஒன்றாகக் கேட்கிறது.

2003இல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு 12 முறை, ஒவ்வொன்றும் 25 நிமிடம், சீன மொழி பேசிக் காட்டினார்கள். எதிரே ஆள் உட்கார்ந்து பேசியபோது ஒலியைப் பிடித்துக்கொண்டன. அதையே வீடியோவில் காட்டியபோது ஒன்றும் பிடிக்கவில்லை. ஆகவே கைப்பேசியைக் கையில் கொடுப்பதை விட, தமிழ் தெரிந்த பாட்டி மடியில் வைத்துக் கொஞ்சுவது மேல். மாமியாருக்குத் தமிழ் தெரிந்தால் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்!

வளர்ந்த பிள்ளைக்கும் கதவு மூடவில்லை. முதலில் வாய்: ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல் ஈறைத் தொடும், ள-வுக்குப் பின்னால் மடங்கி அண்ணத்தைத் தொடும், ழ-வுக்கு மடங்கும், தொடாது. பிறகு காது: நாலைந்து பேர் குரலில் இந்தச் சொற்களைப் பதிவு செய்து, எது என்று சொல்லச் சொல்லுங்கள்; சரியா தப்பா என்பதை உடனே சொல்ல வேண்டும். ஒரே ஆசிரியர் குரலில் பழக்கினால் அந்தக் குரலில் மட்டும் தேறுவார்கள். பலர் சறுக்குவது இங்கேதான்.

மயேபூர் வாசகர்: அப்பா அம்மா இருவருக்கும் சர்க்கரை. எனக்கும் வரும் என்பது விதிதானே?

ஆபத்து கூடுதல், அவ்வளவுதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த இந்தியர்களிடம் நடந்து, 2006இல் வெளியான ஆய்வில், நடையும் உணவு மாற்றமும் மூன்று ஆண்டில் நோய் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன. இங்கேயே பாருங்கள்: 1987இல் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயாவுக்கு மாற்றினார்கள். 1992இல் மக்கள் இரத்தத்தில் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7 ஆக இறங்கியது. எண்ணெய் மட்டும் காரணமில்லை; ஆனால் ஐந்து ஆண்டில் யாருடைய மரபணுவும் மாறவில்லை. அதே காலத்தில் உடல் பருமன் கூடியது, சர்க்கரை நோய் குறையவில்லை. எண்ணெயை மாற்றிவிட்டு இடுப்பை மறந்தால் இப்படித்தான்.

காத்ர் போர்ன் வாசகி: மகன் குள்ளமாக இருக்கிறான். எங்கள் உயரம்தானே அவனுக்கும்?

உங்கள் இருவர் உயரத்தையும் செ.மீ.யில் கூட்டி, 13 சேர்த்து, இரண்டால் வகுங்கள். மகளாக இருந்தால் 13ஐக் கழிக்க வேண்டும். வளர்ந்தபின் எட்டக்கூடிய உயரம் தோராயமாக அதுதான்; அதிலிருந்து 8.5 செ.மீ. மேலேயோ கீழேயோ போகலாம். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட நிறுத்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். நாலு வயதுக்கு மேல், பருவம் வருமுன், ஆண்டுக்கு 5 செ.மீ.க்கும் குறைவாக வளர்ந்தால் குடும்ப வாகு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.