வாசகர் கேள்வி பதில்: பத்துப் போட்டிகளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும்

கேள்வி: அட்டாரி 2600 வீடியோ கேம் கன்சோலில், இரண்டு நாளில் பத்துத் தடகளப் போட்டிகள் நடக்கும் டெகாத்லானை ஆட்டமாக்கிய 'ஆக்டிவிஷன் டெகாத்லான்' ஆடிவருகிறேன். முதல் நாளின் கடைசிப் போட்டியான 400 மீட்டர் ஓட்டத்துக்குள் மணிக்கட்டு ஓய்ந்துவிடுகிறது. இன்னும் பலமாக அசைத்தால் வேகம் கூடுமா?

பதில்: கூடாது. ஜாய்ஸ்டிக்தான் உடையும். டேவிட் கிரேன் வடிவமைத்து 1983-இல் வெளிவந்த இந்த ஆட்டத்தில், பிடியை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி அசைப்பதே ஓட்டம். எத்தனை முறை பக்கம் மாறினீர்கள் என்பதைத்தான் கன்சோல் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதை அறிய அதற்கு வழியே இல்லை. அட்டாரியின் ஜாய்ஸ்டிக்கைப் பிரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: கறுப்பு ரப்பர் உறைக்குள் ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதற்குக் கீழே சர்க்யூட் பலகையில் திசைக்கொன்றாகச் சிறிய உலோகக் குமிழ்கள். தண்டு சாயும்போது அந்தப் பக்கத்துக் குமிழ் அமுங்கித் தொடுகிறது, அவ்வளவுதான். தொட்ட பிறகு நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு துளி பலமும் தண்டின் அடிப்பாகத்தைத்தான் பதம் பார்க்கிறது. ஆகவே அடிப்பெட்டியை மேசையில் உறுதியாக ஊன்றிக்கொண்டு, பிடியின் உச்சியை இரண்டு விரல்களால் மட்டும் பற்றி, குமிழ் அமுங்கும் அளவுக்குக் குறுகலாக அசைத்துப் பழகுங்கள். தோளிலிருந்து உலுக்குபவர்கள் 100 மீட்டரில் ஜொலிப்பார்கள். 1500 மீட்டரில் அவர்களைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: இந்த ஆட்டத்தில் 10,000 புள்ளிகள் எடுத்தவர்களுக்குத் தங்க நிறத் துணிப் பட்டை தந்தார்களாமே? உண்மையான டெகாத்லானில் யாராவது அத்தனை புள்ளிகள் எடுத்ததுண்டா?

பதில்: தந்தது உண்மை. அப்போது தொலைக்காட்சித் திரையில் தெரியும் ஸ்கோரைப் புகைப்படம் எடுத்து ஆக்டிவிஷன் நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்பினால், 8,600-க்கு வெண்கலம், 9,000-க்கு வெள்ளி, 10,000-க்குத் தங்கம் என்று சட்டையில் தைத்துக்கொள்ளும் பட்டை வந்து சேரும். மைதானத்தில் அந்த எண்ணை இதுவரை எவரும் தொட்டதில்லை. பிரான்ஸ் வீரர் கெவின் மயேர் 2018-இல் எடுத்த 9,126 புள்ளிகள்தான் உலக சாதனை. உண்மையான டெகாத்லானின் புள்ளி அட்டவணைப்படி ஒவ்வொரு போட்டியிலும் 1,000 புள்ளிகள் வேண்டுமென்றால், 100 மீட்டரை ஏறத்தாழ 10.4 விநாடியில் ஓடி, 7.76 மீட்டர் நீளம் தாண்டி, ஈட்டியை 77 மீட்டருக்கு மேல் எறிந்து, இரண்டாம் நாள் இறுதியில் 1500 மீட்டரை நான்கு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். விரைவோட்டத்துக்கான உடற்கட்டும் நெடுந்தூர ஓட்டத்துக்கான உடற்கட்டும் ஒரே ஆளிடம் அமைவது அரிது. திரையில் ஓடுபவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. சங்கடமெல்லாம் உங்கள் மணிக்கட்டுக்குத்தான்.

கேள்வி: கொனாமி நிறுவனத்தின் 'டிராக் அண்ட் ஃபீல்ட்' வீடியோ ஆட்டத்தில் நீளம் தாண்டுதலுக்கு எந்தக் கோணம் சரி?

பதில்: காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாக அதே 1983-இல் வந்த இந்த ஆட்டத்தில் ஆறு போட்டிகளே உள்ளன, ஓடுவதற்குப் பொத்தான்கள், தாண்டவும் எறியவும் தனிப் பொத்தான். அதை அழுத்திப் பிடிக்கப் பிடிக்கக் கோணம் ஏறும். 45 பாகையை நெருங்கும்போது விட்டுவிடுங்கள். மைதானத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. முழு வேகத்தில் ஓடிவரும் வீரர் அவ்வளவு செங்குத்தாக எழும்ப முயன்றால் முன்வேகத்தையே இழந்துவிடுவார் என்பதால், அங்கே 20 பாகையை ஒட்டித்தான் எழும்புகிறார்கள். ஈட்டி எறிதலில் மட்டும் ஒரு முறை வேண்டுமென்றே கோணத்தை மிகையாக ஏற்றிப் பாருங்கள்: திரையின் மேல் விளிம்பைத் தாண்டிப் போன ஈட்டி, சில நேரம் ஒரு பறவையோடு கீழே வந்து விழும். அதற்குத் தனிப் புள்ளிகளும் உண்டு.