நெற்பவளம்: மணி கல்லாக இருந்தால் சமைக்க முடியுமா?

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் தரைவீடு. வாசல் தொட்டியில் ஒரு நெற்பவளச் செடி (Job's tears எனும் புல்வகை) ஆளுயரம் வளர்ந்து சாம்பல் நிற மணி விட்டிருக்கிறது. இடித்தாலும் லேசில் உடையவில்லை. உடைந்ததில் பாதி வெறும் கூடு. சீன மருந்துக் கடையில் விற்கும் வெள்ளைப் பருப்பு இதுதானே? வீட்டிலேயே எடுக்கலாமா?

பதில்: செடி அதேதான், ரகம் வேறு. உங்களுடையது மாலை கோக்கிற கல் ரகம். ஓடு வழவழவென்று பீங்கான் போல மின்னும். சாப்பாட்டு ரகத்தில் ஓடு மெல்லியது, நீளவாக்கில் கோடு தெரியும், விரலால் நசுக்கினாலே விட்டுக்கொடுக்கும். கல் ரகத்தைச் சுத்தியலால் தட்டினால் பருப்பும் ஓட்டுச் சில்லும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. பல்லுக்குத்தான் கேடு. காம்பை ஊசியால் தள்ளி நூலில் கோத்துவிடுங்கள். துளை இயற்கையிலேயே இருக்கிறது.

வெறும் கூடு ஏன்? இதில் பெண் பூவின் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் நுனி) முந்திக்கொண்டு நீளும், ஆண் பூ பிறகுதான் மகரந்தம் உதிர்க்கும். காற்றுதான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஒற்றைச் செடிக்கு அது வாய்ப்பது கஷ்டம். ஆறேழு செடியாவது கூட்டமாக நிற்கட்டும். நிழலும், பூக்கும் நேரத்தில் காய்ந்த மண்ணும்கூட மணியை வெறும் கூடாக்கும்.

சாப்பாட்டு ரகத்துக்கு ஓட்டோடு இருக்கும் விதை வாங்குங்கள். கடைப் பருப்பு தீட்டியது, முளைக்காது. 24 மணி நேரம் ஊறவைத்து, 2–3 செ.மீ. ஆழத்தில், 30–40 செ.மீ. இடைவெளியில் ஊன்றவும். முளைக்க மூன்று வாரம்கூட ஆகலாம். தண்ணீர் தாராளமாக ஊற்றுங்கள், ஆனால் தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்: டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் குடம்பி (புழு) கண்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டு மலேசியச் சட்டப்படி அபராதம் வரும்.

பழைய கல் செடியை, புதியவை பூக்கும் முன் பிடுங்கிவிடுங்கள். அதன் மகரந்தம் புதியவற்றில் கலந்தாலும், ஓடு தாய்ச்செடியின் பாகம் என்பதால் இந்த அறுவடைக்கு ஒன்றும் ஆகாது. கலந்த விதையை எடுத்து விதைத்தால்தான் வினை, கடின ஓட்டுக் குணமே ஓங்கி நிற்கும்.

விதைத்து நாலைந்து மாதத்தில் பெரும்பாலான மணி நிறம் மாறியதும் கதிரோடு அறுங்கள். எல்லாம் முற்றட்டும் என்று காத்திருந்தால் முற்றியது உதிர்ந்துவிடும். நன்றாக வெயிலில் காயவைத்து, உரலில் கொஞ்சம் கொஞ்சமாக மெல்ல இடித்து, முறத்தில் புடைத்தெடுக்கலாம். ஈரம் இருந்தால் பருப்பு நசுங்கும். இரவெல்லாம் ஊறவைத்து, ஒரு கப்புக்கு நாலு கப் தண்ணீர் விட்டு, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். வெந்தாலும் மெல்லும்போது கொஞ்சம் இழுவையாகத்தான் இருக்கும். கர்ப்பிணிகளுக்கு இதைத் தவிர்க்கச் சொல்வது சீன மருத்துவ வழக்கம்.