முதுமைக்குத் துணை: எதிரில் ஓர் ஆள் வேண்டும்

(அரசு மருத்துவமனைகளில் 36 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. மாமனார் காலமாகி எட்டு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து நாள் முழுக்க டி.வி. முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறார். என்ன ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மூளைக்கு நல்லது என்று என் கணவர் ஒரு டேப்லெட் வாங்கி, நினைவாற்றல் விளையாட்டுகளைப் போட்டுக் கொடுத்தார். இரண்டு நாள் தொட்டுப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துவிட்டார். விளையாட்டு உண்மையிலேயே பலன் தருமா? – வாசகி, மன்னார்குடி

பதில்: பலன் தரும் அம்மா. ஆனால் டேப்லெட்டில் அவருக்கு எதிரில் யாரும் இல்லையே! எட்டு மாதமாக அவர் வீட்டில் காலியாகக் கிடப்பது அந்த இடம்தானே.

அப்பா போனபோது என் அம்மாவுக்கு 74 வயது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார், அதுவும் ஒரு சொல்லில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணைச் சுத்தம் செய்தபோது பழைய பல்லாங்குழிப் பலகை கிடைத்தது. துடைத்து அவர் முன்னால் வைத்தேன். ஒன்றும் சொல்லாமல் புளியங்கொட்டைகளைக் குழிக்கு ஐந்தாகப் போட ஆரம்பித்தார். 14 குழிக்கு 70 வேண்டும். கடைசிக் குழிக்கு வந்ததும் நிமிர்ந்து, "நாலு கொட்டை குறையுதுடி, புளிப் பானையில பாரு" என்றார். அந்த வாரத்தில் அவராக வாய் திறந்து சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

பிறகு நான் ஒரு தவறு செய்தேன். அவர் மகிழட்டும் என்று வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தேன். மூன்றாவது ஆட்டத்தில் பலகையை மடக்கிவிட்டார். "என்னைக் குழந்தைன்னு நெனச்சியா?" என்று கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. வயதானவர்களிடமிருந்து நாம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வருகிறோம்: சமையலறை, சாவிக்கொத்து, வரவு செலவு. ஆட்டத்திலாவது அவர்களைச் சரிசமமாக நடத்த வேண்டும். தோற்றால் தோற்கட்டும், ஜெயித்தால் நிஜமாகவே ஜெயிக்கட்டும். அதனால் தயவுசெய்து விட்டுக்கொடுத்து ஆடாதீர்கள்.

பல்லாங்குழி என்ன வேலை வாங்குகிறது என்று பாருங்கள். எந்தக் குழியை அள்ளினால் கடைசிக் காய் எங்கே விழும், அதற்கடுத்த குழி காலியாக இருக்குமா, அதைத் துடைத்து அப்பால் இருப்பதை அள்ள முடியுமா என்று கை வைப்பதற்கு முன்பே மனத்துக்குள் எண்ணிவிட வேண்டும். நடுவில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது 'பசு'. குழிக்காரர் கவனித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ணும் விரலும் கணக்கும் ஒரே நேரத்தில் ஓடும்.

ஆராய்ச்சியும் கேட்பீர்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பது, பலகை விளையாட்டு, இசைக்கருவி, நடனம் என்று ஈடுபட்டவர்களுக்கு டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்தது குறைவாக இருந்தது. இதை வைத்து 'விளையாடினால் மறதிநோய் வராது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நோய் தொடங்கும்போதே ஆட்டத்தில் நாட்டம் குறைந்துபோவதும் உண்டு. எது முதலில் என்று பிரிப்பது கடினம். நான் விளையாட்டைச் சிபாரிசு செய்வது நாளைய நோய்க்காக மட்டும் இல்லை, அவருடைய இன்றைய சாயங்காலத்துக்காக.

அவர் சின்ன வயதில் என்ன விளையாடினார் என்று கேளுங்கள். பல்லாங்குழியோ, தாயமோ, சோழியோ, எதுவானாலும் "எனக்கு மறந்துபோச்சு, சொல்லிக்கொடுங்க அத்தை" என்று போய் உட்காருங்கள். பேரப்பிள்ளைகள் இருந்தால் இன்னும் நல்லது. தரையில் உட்கார முழங்கால் இடம் தராது. இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு முக்காலி போட்டுப் பலகையை வையுங்கள். கறுத்த பலகையில் புளியங்கொட்டை கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைச் சோழியோ வெள்ளை மொச்சையோ போடுங்கள். விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் அவர் நிழலே பலகையில் விழும், அதையும் மாற்றுங்கள்.

டி.வி.யில் என்ன ஓடுகிறதென்று தெரியவில்லை என்றீர்களே, அவருக்குக் காது சரியாகக் கேட்கிறதா? கண்ணில் புரை இருக்கிறதா? லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024-இல் பட்டியலிட்ட, மறதிநோய்க்கு வழிவகுக்கும் மாற்றக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவு, சரிசெய்யாத பார்வைக் குறைவு, தனிமை மூன்றும் இருக்கின்றன. முதலில் இவற்றைப் பரிசோதித்துவிடுங்கள். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, 'நான் எதற்கு இருக்கிறேன்' என்ற பேச்சு வந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு விளையாட்டு போதாது, தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். குணப்படுத்தக்கூடிய நோய் அது.

கேள்வி: அப்பாவுக்கு பார்க்கின்சன்ஸ். சீட்டைப் பிடித்தால் கை நடுங்கி எல்லாம் கொட்டிவிடுகிறது. வெட்கப்பட்டு ஆட்டத்தையே விட்டுவிட்டார். – வாசகர், ஈரோடு

பதில்: துணி துவைக்கும் பிரஷ் ஒன்று புதிதாக வாங்குங்கள். முட்கள் மேலே பார்க்கும்படி மேஜையில் வைத்து, சீட்டுகளை முட்களுக்கு நடுவில் வரிசையாகச் செருகினால் விசிறி மாதிரி நிற்கும். பெரிய எழுத்துச் சீட்டுக்கட்டும் கடையில் கிடைக்கிறது. மாத்திரை போட்டபின் எந்த நேரத்தில் கை நன்றாக இயங்குகிறதோ, அந்த நேரத்தில் ஆட்டத்தை வையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது. பின்னேரம் ஆனால் வாசிகசாலைக்குப் போய் நாலு பேராக 304 விளையாடுகிறார். காசு வைப்பதில்லை. ஆனாலும் இந்த வயதில் சீட்டாட்டம் தேவையா என்று அண்ணா சத்தம் போடுகிறார். – வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அண்ணாவின் பயம் எனக்குப் புரிகிறது. சீட்டால் சீரழிந்த குடும்பங்களை நானும் வார்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கெல்லாம் குடும்பத்தைக் கெடுத்தது சீட்டு இல்லை, பணம். கைப்பேசியில் பணம் கட்டி ஆடினால் நானே அண்ணாவோடு சேர்ந்து தடுப்பேன்.

என்னோடு பணியாற்றிய யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி எனக்கு 304 கற்றுக்கொடுத்தாள். ஜாக்கிக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேள்வி கேட்டு, மற்ற இனங்களை வெட்டும் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து, எதிரே இருக்கும் கூட்டாளி மனத்தில் என்ன இருக்கிறதென்று ஊகித்து ஆட வேண்டும். 76 வயதில் இதைத் தினமும் செய்கிறவரை எதற்காகத் தடுக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. அதற்கு நான்கு பேர் வேண்டும். அப்பா ஒரு நாள் போகாவிட்டால் மற்ற மூன்று பேருக்கும் ஆட்டம் இல்லை, இருட்டுவதற்குள் ஒருவராவது உங்கள் படலையைத் திறந்து, "என்ன, சுகமில்லையோ?" என்று கேட்பார். மழைக்காலத்தில் வாசிகசாலை வழி சறுக்கும். அந்த நாட்களில் நால்வரையும் உங்கள் வீட்டு விறாந்தைக்கு அழைத்துத் தேத்தண்ணீர் கொடுங்கள். அண்ணாவையும் ஒரு கை பிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.