கரையேறிய செக்வோயா

கேள்வி: அமெரிக்க ஜனாதிபதிகள் உலாப்போன 'செக்வோயா' என்ற மரப் படகு, கரையில் ஏற்றி வைத்திருந்தபோது கெட்டுப்போனதாகப் படித்தேன். தண்ணீரை விட்டு எடுத்தால் மரத்துக்கு நல்லதுதானே? என் மாமனார் ஆசாரி. காய்ந்த மரத்துக்குச் சாவே கிடையாது என்று சாதிக்கிறார்.
– ஒரு வாசகி, ஆற்காடு

பதில்: கதவு, நிலை, கட்டில் என்றால் உங்கள் மாமனார் பேச்சுக்கு அப்பீல் இல்லை. படகு வேறு சங்கதி. கப்பல் எஞ்சின் ரூமில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வேலூர் வெயிலுக்கு வந்து சேர்ந்தவன் நான். கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

செக்வோயா 1925-ல் நியூஜெர்சியின் கேம்டனில் கட்டிய 104 அடி மோட்டார் படகு. ஜான் டிரம்ப்பி வடிவமைத்தது. ஓக் சட்டங்கள் மேல் பைன் பலகை. கென்னடி தன் கடைசிப் பிறந்தநாளைக் கொண்டாடியது அதில்தான். கார்ட்டர் ஆட்சியில், 1977-ல், வீண்செலவு என்று விற்றுவிட்டார்கள். மிச்சம் பிடிக்க வேறு இடமா இல்லை!

இந்த மாதிரிப் படகில் பலகைகளை ஒட்டி ஒட்டி வைத்து, இடுக்கில் பஞ்சையும் சணல் நாரையும் உளி போன்ற இரும்பால் அடித்து இறக்குவார்கள். கலப்பத்து அடிப்பது என்பது இதுதான். தண்ணீரில் இறங்கியதும் பலகை ஊறிப் பருத்து இடுக்கு நெருக்கிக்கொள்ளும். பாலாற்றில் தண்ணீர் ஓடின காலத்தில், இரும்புப் பட்டா கழலாமல் இருக்க வண்டிச் சக்கரத்தை ஆற்றில் நனைய விடுவார்களே, அதே கணக்கு. மாமனாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வார்.

கரையில் கிடந்தால் பலகை சுருங்கும், பஞ்சு தளரும். அப்புறம் மழை. மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்குக் கடல் உப்பு ஆகாது. மழைத்தண்ணீர் என்றால் கொண்டாட்டம். மேல்தளத்து மூட்டு வழியாக இறங்கி உள்ளே தேங்கினால், ஓக் கட்டைகூட விரல் பட்டாலே உதிரும். கடலில் புழு துளைக்கும், வாஸ்தவம். அதற்குச் செம்பு கலந்த பெயின்ட் இருக்கிறது. இன்னொன்று, தண்ணீர் படகின் அடிவயிறு முழுக்கத் தாங்கும். கரையில் முட்டுக் கொடுத்த இடத்தில் மட்டும் பாரம் விழுந்து உடம்பே கோணிப்போகும்.

2016-ல் டெலவேர் நீதிமன்றத்தில் செக்வோயா வழக்கின் தீர்ப்பை எழுதிய நீதிபதியே, போதுமான தாங்கி இல்லாமல் அது சீரழிகிறது, ரக்கூன்கள் என்ற காட்டுப் பிராணிகள் வேறு குடியேறிவிட்டன என்று குறிப்பிட்டார். 2019-ல் பழுதுபார்க்க மெயின் மாநிலத்து பெல்ஃபாஸ்ட் ஊருக்குக் கொண்டுபோனார்கள். மிதக்கவிட்டு அல்ல, பார்ஜ் என்ற தட்டையான சரக்குப் படகின் மேல் ஏற்றி.